ஏழு பேரோடு ஒரு கோப்பை: நோட்டர் டேம், 2018

கேள்வி இதுதான். 2018-ல் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி, நான்கு வீராங்கனைகளை முழங்கால் காயத்தில் இழந்த பிறகும், கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியான என்சிஏஏ கோப்பையை வென்றது. அரையிறுதி, இறுதி இரண்டிலும் கடைசி வினாடியில் ஒரே பெண் போட்ட ஷாட்தான் ஜெயிக்க வைத்தது. இதில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? ஆனால் விஷயம் உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. உங்கள் கல்லூரி அணியில் மொத்தமே எட்டுப் பேர். போன வாரம் ஒரு பெண் தாவி இறங்கும்போது முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மண்டலப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம். ஆக, நோட்டர் டேம் கதையைக் கேட்கிற சாக்கில், ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போவதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நான் அப்படித்தான் புரிந்துகொண்டு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரிப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். சிமெண்ட் தரை, காலை ஐந்தரை மணிப் பயிற்சி, ஒரு பக்கம் வலை கிழிந்த வளையம், அந்த ரகம். நோட்டர் டேமை நேரில் பார்த்ததில்லை. அந்த இறுதி ஆட்டம் நம் நேரப்படி விடியற்காலையில் வந்தது. அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். அப்புறம் எத்தனை முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. மருத்துவம் படித்தவள் இல்லை. முழங்காலைப் பற்றிக் கீழே சொல்வதை ஒரு கோச்சின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘பாவம், ஏழே பேர்’ என்று அந்த அணியைப் பற்றிக் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. கல்வி உதவித்தொகையில் இருந்தவர்களில் ஆடக்கூடிய நிலையில் ஏழு பேர் மிஞ்சினார்கள் என்பது சரி. அந்த ஏழு பேர் யார் என்று பாருங்கள். அரீகே ஒகுன்பொவாலே, ஜாக்கி யங், மரீனா மேப்ரி, ஜெசிகா ஷெப்பர்ட். அடுத்த வருடமே, 2019-ல், தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ ஆள் எடுத்தபோது இந்த நான்கு பேரும் தேர்வானார்கள். யங் முதல் இடத்தில், ஒகுன்பொவாலே ஐந்தாவது, ஷெப்பர்ட் பதினாறாவது, மேப்ரி பத்தொன்பதாவது. அந்த வருடம் மொத்தம் 36 பேரைத்தான் எடுத்தார்கள். அதில் நான்கு பேர் உங்கள் ஐவரில் இருந்தால், பெஞ்ச் காலியாக இருந்தாலும் நீங்கள் ஏழை அணி ஆகமாட்டீர்கள். ஐந்தாவதாக ஆடியவர் கேத்ரின் வெஸ்ட்பெல்ட், கடைசி ஆண்டு மாணவி, அனுபவசாலி. கிறிஸ்டினா நெல்சனும் முதலாண்டு மாணவி டேனியல் பேட்டர்சனும் வெளியிலிருந்து வந்து மூச்சு வாங்க நேரம் கொடுப்பார்கள். அவ்வளவுதான் பட்டாளம்.

போட்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மீதி புரியும். அந்த வருடம் 64 அணிகள். 32 அணிகள் தங்கள் கான்ஃபரன்ஸை, அதாவது தாங்கள் சேர்ந்த லீக்கை, ஜெயித்து நேராக வரும், மீதி 32 அணிகளை ஒரு குழு தேர்ந்தெடுக்கும். நான்கு பிராந்தியம், ஒவ்வொன்றிலும் பலத்தின்படி ஒன்று முதல் பதினாறு வரை வரிசை. தோற்றால் வீடு. ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் கோப்பை. வரிசையில் முதல் நான்கு இடங்களில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு சுற்றும் சொந்த ஊரில் நடக்கும். நோட்டர் டேம் ஸ்போகேன் பிராந்தியத்தின் முதல் இடத்து அணி. ஆகவே இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில், தங்கள் ரசிகர்கள் முன்னால் இரண்டு ஆட்டம். அந்த வருடம் கடைசி நால்வராக வந்த நான்கு அணிகளுமே முதல் இடத்து அணிகள்தான். அதிசயம் என்ற வார்த்தையை இங்கே கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்க வேண்டும்.

இப்போது காயங்கள். நான்குமே ஒரே காயம்: முழங்காலுக்குள் குறுக்கே ஓடுகிற ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது. முதலில் போனவர் பிரியானா டர்னர், அணியின் உயரமான தூண். அவருக்கு அது நடந்தது 2017 மார்ச்சில், முந்தைய வருடத்து என்சிஏஏ போட்டியின் நடுவிலேயே. அவர் இல்லாமல்தான் அடுத்த சீசன் என்று எல்லோருக்கும் எட்டு மாதம் முன்பே தெரியும். அப்புறம் மைக்கேல் ஜான்சன், பிறகு முதலாண்டு மாணவி மிகேலா வான். கடைசி அடி 2017 டிசம்பர் 31. ஸ்டான்ஃபோர்டிலிருந்து மேற்படிப்புக்கு வந்து, பந்தை மேலே கொண்டுவரும் பொறுப்பில் இருந்த லிலி தாம்ப்சன் அன்று விழுந்தார்.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் சாவி அந்தத் தேதிதான். எத்தனை பேர் போனார்கள் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எப்போது போனார்கள் என்று பார்க்க வேண்டும். டிசம்பர் 31-க்கும் என்சிஏஏ முதல் சுற்றுக்கும் நடுவே பத்து வாரத்துக்கு மேல் இருந்தது. அந்த இடைவெளியில் அணி திரும்ப ஆடக் கற்றுக்கொண்டது. ஷாட் போடுகிற பெண்ணாக இருந்த மேப்ரி, தாம்ப்சன் இடத்தில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாக மாற வேண்டியிருந்தது. கேட்பதற்குச் சின்ன மாற்றம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வலது கையால் சாப்பிட்டவரை இடது கையால் சாப்பிடச் சொல்வது மாதிரி. பந்து எப்போதும் உன் கையில், எதிராளி எப்போதும் உன் முகத்துக்கு நேரே, உன் ஷாட் கடைசியில், மற்ற நால்வர் எங்கே நிற்கிறார்கள் என்பது முதலில்.

அந்தப் பாடத்துக்கு அவர்கள் கொடுத்த கட்டணம் ஜனவரியில் தெரிந்தது. தாம்ப்சன் விழுந்த பதினோராம் நாள், ஜனவரி 11, லூயிவில் அணியிடம் 100-67 என்று தோற்றார்கள். 33 புள்ளி. இந்த மாதிரித் தோல்விக்குப் பிறகு பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடமாட்டார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து டென்னசியோடு ஆட்டம், அதில் ஒரு கட்டத்தில் 23 புள்ளி பின்தங்கினார்கள். அங்கிருந்து திரும்பி 84-70 என்று ஜெயித்தார்கள். அந்தப் பல்கலைக்கழக அணியின் வரலாற்றிலேயே பெரிய மீட்சி அது. பின்னால் ஏப்ரலில் நடந்ததற்கு ஒத்திகை என்று இதைச் சொன்னால் தப்பில்லை. 23 புள்ளி பின்னால் இருந்து வந்த உடம்புக்கு 15 புள்ளி பெரிய மலையாகத் தெரியாது. இது என் ஊகம்தான். ஆனால் பெண்களோடு இத்தனை வருடம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஊகம்.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று இருக்கிறது. 1998-ல் ஸ்டான்ஃபோர்ட் முதல் இடத்து அணி. போட்டி தொடங்கும் தறுவாயில் அதன் இரண்டு முக்கிய வீராங்கனைகளுக்கு இதே ஏசிஎல் போனது. பதினாறாம் இடத்து ஹார்வர்ட் அவர்கள் சொந்த மைதானத்துக்கே வந்து 71-67 என்று வென்றது. பதினாறாம் இடத்து அணி முதல் இடத்து அணியை வீழ்த்தியது ஆண்கள், பெண்கள் இரண்டு போட்டியிலும் அதுவே முதல் தடவை. ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் அன்று 35 புள்ளி எடுத்தார், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் கவனியுங்கள்: ஸ்டான்ஃபோர்ட் இழந்தது இரண்டு பேரை, நோட்டர் டேம் இழந்தது நான்கு பேரை. இரண்டு பேரை இழந்த அணி வீட்டுக்குப் போனது, நான்கு பேரை இழந்த அணி கோப்பையோடு போனது. காலம் கிடைத்ததா என்பதுதான் இரண்டுக்கும் நடுவே எனக்குத் தெரிகிற பெரிய வித்தியாசம்.

இன்னொரு காரணத்தையும் யாரும் பேசுவதில்லை: கால அட்டவணை. ஆறு ஆட்டம், மார்ச் 16, 18, 24, 26, 30, ஏப்ரல் 1. எந்த இரண்டு ஆட்டத்துக்கு நடுவிலும் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு இரண்டு ஆட்டத்துக்குப் பிறகும் மூன்று முதல் ஐந்து நாள் இடைவெளி. ஆட்டத்துக்குள்ளேயும், ஒவ்வொரு குவார்ட்டரின் (பத்து நிமிடக் கால் பகுதியின்) நடுவிலும் டிவி விளம்பரத்துக்காக ஒரு நிறுத்தம் உண்டு. கோச் கேட்கிற டைம் அவுட் தனி. ஐந்து பேர் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் ஆட முடிந்ததற்கு இதுவும் காரணம். நம் மண்டலப் போட்டியை யோசியுங்கள். காலையில் ஒரு ஆட்டம், மறுநாள் இன்னொன்று, ஜெயித்தால் அதற்கடுத்த நாளும். ராத்திரி விடுதியில் கொசுக்கடி, காலையில் இட்லி தீர்ந்துபோயிருக்கும். ஏழு பேரோடு நோட்டர் டேம் செய்ததை ஏழு பேரோடு நாம் அப்படியே செய்ய முடியாததற்கு முதல் காரணம் ஷாட் இல்லை, கால்.

சரி, ஆட்டங்களுக்கு வருகிறேன். முதல் நான்கையும் வேகமாகச் சொல்லிவிடலாம். கால் ஸ்டேட் நார்த்ரிட்ஜ் 99-81, வில்லநோவா 98-72, ஸ்போகேனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் 90-84, அப்புறம் நட்சத்திர வீராங்கனை சப்ரினா அயனெஸ்கு இருந்த ஓரிகன் 84-74. எண்களை மட்டும் பார்த்தாலே ஒரு விஷயம் தெரியும். ஆள் குறைவாக இருந்தால் ஆட்டத்தை மெதுவாக்கு, ஷாட் கிளாக்கைக் (ஷாட் போட இருக்கிற நேரத்தை எண்ணும் கடிகாரத்தை) கரை, குறைந்த புள்ளியில் ஜெயி என்பது எல்லாக் கோச்சும் சொல்கிற பாடம். நானும் சொல்வேன். மஃபெட் மெக்ரா அந்த வழியில் போகவில்லை. 1987 முதல் அந்த அணிக்குக் கோச்சாக இருந்தவர், தன்னிடம் இருந்த நல்ல நால்வரும் ஓடி ஆடுவதிலும் புள்ளி குவிப்பதிலும்தான் தேர்ந்தவர்கள் என்று தெரிந்தவர். முதல் ஐந்து ஆட்டத்திலும் எண்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஐந்தையும் கூட்டினால் 462, சராசரி 92-க்கு மேல். ஆள் போன பிறகு ஆட்டத்தின் குணத்தை மாற்றாமல், ஆட்களின் வேலையை மட்டும் மாற்றினார்.

மார்ச் 30, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ். எதிரே கனெக்டிகட், எல்லோரும் யூகான் என்று சொல்கிற அணி, அந்தச் சீசனில் 36-0. நோட்டர் டேமைத் தொடர்ந்து ஏழு முறை தோற்கடித்திருந்தது. அதில் கடைசியானது அந்த டிசம்பரில், நோட்டர் டேம் நாலாவது குவார்ட்டரில் முன்னிலையில் இருந்து கைவிட்ட ஆட்டம். கொலம்பஸிலும் அதே கதை திரும்பப் பார்த்தது. கடைசி நிமிடத்தில் ஐந்து புள்ளி முன்னிலை, அது சில வினாடியில் கரைந்து சமம், ஓவர்டைம். நான் அந்த இடத்தில் எழுந்து காபி போடப் போனேன், இனி அவ்வளவுதான் என்று. ஓவர்டைமில் ஒரு வினாடி மிச்சம் இருக்கும்போது ஒகுன்பொவாலே நீளமான ஒரு இரண்டு புள்ளி ஷாட் போட்டார். 91-89. ஆனால் அந்த ஆட்டத்தை அதுவரை தூக்கிக்கொண்டு வந்தவர் ஜாக்கி யங். 32 புள்ளி, 11 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து வரும் பந்தைப் பிடிப்பது). பின்னால் டோக்கியோவில் மூவர் ஆட்டத்திலும் பாரிஸில் ஐவர் ஆட்டத்திலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். கடைசி ஷாட்டின் வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்திருப்பார்கள். யங்கின் 32 புள்ளியை உட்கார்ந்து பார்த்தவர்கள் சொற்பம்.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. எதிரே மிசிசிப்பி ஸ்டேட். அவர்களைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முந்தைய வருடம் யூகானின் 111 ஆட்டத் தொடர் வெற்றியை நிறுத்தியவர்கள் அவர்கள்தான், மார்கன் வில்லியம் என்ற குட்டிப் பெண் ஓவர்டைம் முடிகிற கணத்தில் போட்ட ஷாட்டால். அந்த வில்லியம் இந்த ஆட்டத்திலும் இருந்தார். கூடவே உயரமான டீரா மெக்கவன், விக்டோரியா விவியன்ஸ். இரண்டாவது குவார்ட்டரில் நோட்டர் டேம் எடுத்தது மூன்று புள்ளி. பத்து நிமிடத்துக்கு மூன்று புள்ளி! ஐந்து ஆட்டத்தில் தொண்ணூறு சராசரி வைத்திருந்த அணி அரைநேரத்தில் 30-17 என்று பின்னால். மூன்றாவது குவார்ட்டரில் அது 40-25 ஆனது.

அங்கிருந்து அந்தக் குவார்ட்டர் முடிவதற்குள் 41-41. பதினாறு புள்ளி எடுத்து ஒரே ஒரு புள்ளி கொடுத்தார்கள். பெண்கள் இறுதி ஆட்டம் ஒன்றில் இவ்வளவு பின்னால் இருந்து யாரும் அதற்கு முன் ஜெயித்ததில்லை. நான் என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது இந்தப் பகுதியை மட்டும்தான். அவர்கள் கடைசி ஷாட்டைக் கேட்பார்கள், ‘மேம், ப்ளீஸ் மேம்’ என்பார்கள். முதலில் இதைப் பார் என்பேன். ஒரேயடியாகப் பதினைந்தைத் துரத்தாமல் ஒரு தடுப்பு, ஒரு ரீபவுண்ட், ஒரு கூடை என்று இறங்கினால் எதிரணியின் முகம் எப்படி மாறுகிறது என்பது அதில் தெரியும். உள்ளே நின்று அடிவாங்கி அடித்தவர் ஷெப்பர்ட், அன்று 19 புள்ளி, அணியில் அதிகம் அவர்தான். நெப்ராஸ்காவிலிருந்து மாறி வந்தவர். அப்போதைய விதிப்படி கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். அவருக்கு விலக்குக் கிடைத்தது. அந்த விலக்கு கிடைக்காமல் போயிருந்தால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதிர்ஷ்டம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் முதலில் சுட்டுவது அந்தக் காகிதத்தை.

கடைசி இரண்டு நிமிடத்தில் திரும்பவும் ஐந்து புள்ளி பின்னால், 58-53. மேப்ரி ஒரு த்ரீ பாயிண்டர், யங் ஒரு கூடை, 58-58. மூன்று வினாடி மிச்சம், பந்து நோட்டர் டேமுக்கு, வெளியிலிருந்து உள்ளே கொடுப்பவர் யங். திட்டம் ஷெப்பர்டுக்கு உள்ளே கொடுப்பது. அது அடைபட்டிருந்தது. ஒகுன்பொவாலே பந்தை நோக்கி ஓடி வந்தார், வாங்கினார், வலது ஓரத்துக்கு நகர்ந்தபடியே ஒற்றைக் காலில் எழும்பி, சாய்ந்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார். உள்ளே போனபோது கடிகாரத்தில் 0.1 வினாடி. 61-58. நோட்டர் டேமின் முந்தைய ஒரே கோப்பை 2001 ஏப்ரல் 1, பதினேழு வருடம், அதே தேதி. நடுவில் மெக்ரா நான்கு இறுதி ஆட்டம் தோற்றிருந்தார். அந்தக் கணக்கும் ஞாபகம் இருக்கட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த ஷாட் அதிர்ஷ்டமா? நிச்சயமாகச் சொல்லக்கூடியது: ஓடிக்கொண்டே, சாய்ந்தபடி, ஒற்றைக் காலில், கையை மறைத்து ஆள் நிற்கும்போது போடுகிற த்ரீ பாயிண்டர் யாருக்கும் பாதிக்குப் பாதி விழாது. உலகத்தில் நல்ல ஷூட்டர் என்று பெயர் எடுத்தவரும் அதில் விழுவதைவிடத் தவறுவதுதான் அதிகம். ஆகவே ஆம், அந்த ஒரு ஷாட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. அது தவறியிருந்தாலும் ஓவர்டைம்தான், தோல்வி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது விழ வாய்ப்பிருக்கிற இடத்துக்குப் பதினைந்து புள்ளி பின்னாலிருந்து வந்து சேர்ந்ததில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு குறைவு. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கேட்பதால்தான் பதில் வராமல் போகிறது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது அடுத்த வருடம். 2019-ல் டர்னர் முழங்கால் சரியாகித் திரும்பிவிட்டார். ஐவரும் தொழில்முறை லீக்குக்குத் தேர்வான ஐவர். 2018-ஐவிட எல்லா வகையிலும் பலமான அணி. இறுதி ஆட்டம், எதிரே பெய்லர். 1.9 வினாடி மிச்சம், 82-80 பின்னால், ஃப்ரீ த்ரோ கோட்டில் அதே ஒகுன்பொவாலே. யாரும் தடுக்காத, அசையாமல் நின்று போடுகிற இரண்டு ஷாட். முதலாவது தவறியது. இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு ரீபவுண்ட் எடுக்கப் பார்த்தார். அது பாருங்கள், உள்ளே போய்விட்டது. 82-81, தோல்வி. ஒற்றைக் காலில் சாய்ந்து போட்டது விழுந்தது, நின்று போட்டது விழவில்லை. குறைந்த ஆட்களோடு வென்ற அணி, முழு ஆட்களோடு ஒரு புள்ளியில் தோற்றது. ஒரே ஆட்டத்தில் முடிவாகிற போட்டிகளின் சுபாவம் இது.

ஆள் குறைவாக இருந்ததே ஒரு வகையில் நல்லதாகப் போயிற்றா என்று சிலர் கேட்பார்கள். யாருக்கு எவ்வளவு நிமிடம் என்ற சண்டை இல்லை, எல்லோருக்கும் தன் வேலை தெரியும், ஒருவரையொருவர் கண்ணை மூடிக்கொண்டு அறிவார்கள் என்று. இதில் கொஞ்சம் உண்மை இருப்பதாக எனக்கும் படுகிறது. ஆனால் நிரூபிக்க வழி இல்லை. தோற்ற குறை அணிகளைப் பற்றி யாரும் இப்படி எழுதுவதில்லை, ஜெயித்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறோம். அந்த நான்கு பேரும் நன்றாக இருந்திருந்தால் இன்னும் சுலபமாக ஜெயித்திருப்பார்களா, மேப்ரி பாயிண்ட் கார்ட் ஆகியே இருக்க மாட்டாரா, யாராலும் சொல்ல முடியாது.

நான்கு பேருக்கும் ஒரே காயம் என்றால் பயிற்சியில் ஏதோ தப்பு என்று ஒரு பேச்சு வரும். அவசரப்படாதீர்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழிவது அதிகம், கூடைப்பந்தில் இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே நடக்கும், தாவி இறங்கும்போது, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது. இறங்கும் முறையையும் தொடை, இடுப்புத் தசைகளையும் பழக்குகிற வார்ம் அப் பயிற்சிகள் காயத்தைக் குறைக்கின்றன. ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். ஏன் பெண்களுக்கு அதிகம் என்பதில்தான் இன்னும் வழக்கு. இடுப்பின் அகலம், ஹார்மோன், தசைப் பழக்கம், சின்ன வயதில் கிடைக்காத பயிற்சி என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். ஓர் அணியில் ஒரு வருடத்துக்குள் நான்கு என்பது வெறும் தற்செயலாகவும் அமையும். வெளியிலிருந்து பார்த்து ஒருவர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஏழு பேருக்கு என்ன செய்யலாம்? இரண்டு மாதம் இருக்கிறது, அதாவது நீங்கள் ஸ்டான்ஃபோர்ட் நிலையில் இல்லை, ஜனவரி மாத நோட்டர் டேம் நிலையில் இருக்கிறீர்கள். அந்தப் பெண் என்ன வேலை செய்துகொண்டிருந்தாளோ அதை யார் செய்யப்போகிறார்கள் என்று இந்த வாரமே முடிவு செய்யுங்கள். இப்போதே பயிற்சி ஆட்டம் வைத்து மோசமாகத் தோற்றுப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து ஆட ஆள் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் பெண்கள் அணிகள் ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்திப் பழகுவது சாதாரண வழக்கம். நானும் முன்னாள் மாணவிகளையும் பக்கத்து மைதானத்துப் பையன்களையும் கூப்பிடுவேன், டீயும் வடையும் கணக்கில் எழுதிவிடுவேன். அப்புறம் ஃபவுல். ஒருத்திக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே, உங்களிடம் இருப்பது ஏழே பேர். முதல் பாதியில் இரண்டு பேருக்கு மும்மூன்று ஆகிவிட்டால் உங்கள் கோச்சுக்குப் போட ஆள் கிடையாது. கை நீட்டித் தட்டுகிற பழக்கத்தை இந்த இரண்டு மாதத்தில் விடவைப்பது எந்தப் புது ஆட்டத் திட்டத்தையும்விடப் பயன் தரும். தினமும் ஆட்டம் என்பதால் நாற்பது நிமிடமும் ஓடி நெருக்கித் தடுக்க ஆசைப்படாதீர்கள், உங்கள் கால் மூன்றாம் நாள் பழிவாங்கும்.

நேரம் கிடைத்தால் அந்தக் கடைசி மூன்று வினாடியை ஒருமுறை ஒகுன்பொவாலேயை விட்டுவிட்டு, உள்ளே ஷெப்பர்ட் நிற்கிற இடத்தைப் பார்த்தபடி ஓட்டுங்கள். பந்து வராத பெண் அந்த ஷாட்டுக்காக என்ன வேலை செய்கிறாள் என்று தெரியும்.

எட்டாவது பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். வீக்கம் வடிந்துவிட்டது, நடக்கிறாள், ஆடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். வீக்கம் வடிவதும் நடக்க முடிவதும் தசைநார் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. கிழிந்த முழங்காலோடு நடந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போன பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். ‘டப்’ சத்தமும் உடனே வீக்கமும் சேர்ந்து வந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அவர் கையால் அசைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எழுதுவார். அவர் சரி என்று சொல்லும்வரை ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் பந்து போடுகிற லே அப் வரிசையில்கூட அவளை நிற்க விடாதீர்கள். பயிற்சிக்குக் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்கார வைத்து ஃபவுல் கணக்கு எழுதச் சொல்லுங்கள். நாளைக் காலையிலிருந்து ஏழு பேரோடு ஆடுங்கள்.